மூன்று முதல் பதினொன்று வரை பொய்

மூன்றே மூன்று பதில்கள். சரியல்ல, தெரியாது, ஞாபகம் இல்லை. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறி இறங்கிவிடலாம் என்கிறார் வக்கீல் கலியமூர்த்தி. பெண்டாட்டியை அடித்ததாக வழக்கு வந்த புருஷன்மார் எங்கள் பக்கத்தில் முதலில் தேடிப் போவது அவரைத்தான், நானும் போனேன். நேற்றுச் சாயங்காலம் அவர் ஆபீசில் எனக்கு ஒத்திகை. "அந்தப் பக்கத்து வக்கீலம்மா என்ன கேட்டாலும் கடைசியில 'என்று சொன்னால்'னு நிறுத்தும். நீ உடனே 'சரியல்ல'ன்னுடணும். யோசிக்கக் கூடாது. யோசிச்சீன்னா நடுவரம்மா உன் மூஞ்சியப் பாத்துருவாங்க." சரி சார் என்றேன். "சரின்னு சொல்லாதய்யா. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அந்த வார்த்தையே உன் வாயில வரக் கூடாது." சரி சார் என்றேன். அவர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு சட்டென்று, "உம் பேரு விருத்தகிரின்னு சொன்னால்?" "சரியல்ல." "கடைவீதியில மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கேன்னு சொன்னால்?" "சரியல்ல." "ம், தேறிட்ட" என்றார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. இப்போது மணி பத்தே முக்கால் இருக்கும். இருக்கும் என்றுதான் சொல்ல முடியும், கைக்கடிகாரம் கட்டக் கூடாது என்று உத்தரவு. பழைய வெள்ளைச் சட்டை போடு, மீசையைக் கொஞ்சம் குறை, அது அடிக்கிறவன் மீசை மாதிரி இருக்கு என்று அதற்கும் உத்தரவு. கோர்ட் வராந்தாவில் சிமெண்டு பெஞ்சில், குறைத்த மீசையோடு உட்கார்ந்திருக்கிறேன். மனுதாரர் மங்கையர்க்கரசி, எட்டு வருஷம் எனக்குச் சோறு போட்டவள், பதினாலு மாதமாக நெய்வேலியில் தம்பி வீட்டில் இருப்பவள். எதிர்மனுதாரர் நான். கை நீட்டவே இல்லை என்பது எங்கள் தரப்பு. அது நிலைத்துவிட்டால் வழக்கு விழுந்துவிடும், நான் விருத்தாசலம் கடைவீதியில் பழையபடி தலைநிமிர்ந்து நடக்கலாம், மங்கை பொய் சொன்னவள் ஆவாள். இதில் கடைசி விஷயத்தை வக்கீல் சொல்லவில்லை. பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகு அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது.

பதில் தயார், முகமும் தயார். முகத்தை நானே தயார் செய்தேன், அதில் வக்கீலுக்குப் பங்கில்லை. என் கடையில் முகம் பார்க்கிற கண்ணாடிகள் ஆறு இருக்கின்றன, எந்தப் பக்கம் திரும்பினாலும் நானேதான் தெரிவேன். பத்து நாளாகக் கடை திறந்ததும் கதவை ஒருக்களித்துவிட்டு வருத்தமான முகம் பழகினேன். புருவத்தை ரொம்ப உயர்த்தினால் பல்வலிக்காரன் மாதிரி இருக்கிறது. உதட்டை மடித்தால் ஏதோ திருடியவன் மாதிரி. கடைசியில் கண்ணை மட்டும் கொஞ்சம் தாழ்த்தி, கழுத்தை இடப்பக்கம் அரை விரல் சாய்த்தால் சரியாக வந்தது. பக்கத்துத் துணிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, யாரு அண்ணே தவறிட்டாங்க என்று கேட்டார். இந்த முகத்தை நான் நடுவருக்காகச் செய்யவில்லை, மங்கை பார்க்க வேண்டும் என்று செய்தேன். வாயால் 'சரியல்ல' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது முகம் வேறு ஒன்றைச் சொல்லும், அவள் புரிந்துகொள்வாள், எட்டு வருஷத்தில் என் முகத்தை அவளுக்குத் தெரியாதா. அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன். அரை மணி நேரம் முன்பு வந்தாள். இந்த வராந்தாவில்தான், இந்தப் பெஞ்சுக்கு இரண்டு முழம் தள்ளி. நான் முகத்தைப் போட்டுக்கொண்டு எழுந்துகூட நின்றேன். என்மேல் கண் பட்டது. பட்டு, ஒரு தூணின் மேல் படுவது போல அப்படியே தாண்டிப் போய்விட்டது. ஏறெடுத்துப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிற அந்தத் திமிர். அவள் தம்பி இளவழகன், கல்யாணமான புதிதில் மாமா மாமா என்று என் வண்டியின் பின்னாலேயே தொத்திக்கொண்டு சுற்றியவன், இப்போது என்னை 'அந்தாளு' என்கிறானாம், அவன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடத்திப் போனான். அவளும் மறு கையால் சுவரைத் தடவிக்கொண்டே மெதுவாக, மெதுவாக. படிக்கட்டு வந்ததும் நின்று காலால் துழாவி வேறு பார்த்தாள். எவ்வளவு நடிப்பு. அடிபட்டு ஒடிந்த பெண் மாதிரி நடந்து வாம்மா என்று அவள் வக்கீல் சொல்லிக் கொடுத்திருப்பாள், என் வக்கீல் எனக்கு மீசையைக் குறைக்கச் சொன்ன மாதிரி. கோபம் வந்தது. அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியாது, ஞாபகம் இல்லை. ஆனால் அவள் முகத்தில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. என்னவென்றுதான் பிடிபடவில்லை. இளைத்துவிட்டாளா, தோட்டை மாற்றிவிட்டாளா, வகிட்டை நகர்த்திவிட்டாளா. சின்ன வயசு மங்கை மாதிரி இருந்தது, பெண் பார்க்கப் போன அன்றைக்கு இருந்த மாதிரி.

யார் முகத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கண்ணைத்தான் பார்ப்பேன், அது தொழில் புத்தி. இந்த வராந்தாவில் உட்கார்ந்தபடியே எல்லோருக்கும் நம்பர் போட்டு முடித்தாயிற்று. எதிர்ப் பெஞ்சில் ஜாமீனுக்கு வந்திருக்கிற பெரியவருக்கு இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆறு மாசத்தில் எடுத்தாக வேண்டும். காவலுக்கு நிற்கிற போலீஸ்காரருக்கு எட்டப்பார்வை குறைவு, திருடன் ஓடினால் அவரால் முதுகை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. பெயர் கூப்பிடுகிற டவாலி பேப்பரை மூக்கில் ஒட்டி வைத்துப் படிக்கிறார், போன வாய்தாவில் என்னை விருத்தாம்பாள் என்று கூப்பிட்டார், நானும் மூன்றாம் முறை கூப்பிடும் வரை யாரோ ஒரு அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் வக்கீல் விஷயம்தான் மோசம். முதல் நாளே கவனித்தேன். மங்கையின் மனுவை அவர் கையில் கொடுத்தேன், அவர் அதைத் தூர நீட்டினார், இன்னும் தூர நீட்டினார், கடைசியில் கை போதவில்லை. மருந்துக் கடையில் வாங்கின கண்ணாடி, ப்ளஸ் ஒன்றரை. அந்த வயசுக்கு இரண்டரை வேண்டும். பக்கத்துக்கு இரண்டு விநாடி பார்த்தார், எல்லாவற்றையும் புரட்டினார், "எல்லாம் வழக்கமா எழுதுறதுதான்" என்று மூடி வைத்தார். அப்போது வாயைத் திறந்து, சார் நம்ம கடைக்கு ஒரு நடை வாங்க, நம்பர் பார்த்துடலாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மனு படிக்கப்படாமல் போனதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், படிக்காமலே தெரியும், அதனால்தான் நானும் படிக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு குமாஸ்தாவுக்குப் பதில் மனு சொன்னார், நான் கீழே கையெழுத்துப் போட்டேன். இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர்களுக்குப் பொடி எழுத்தைப் படிக்க வைக்கிறவன், தன் வழக்கைப் படிக்காமல் பதினாலு மாதம் ஓட்டியிருக்கிறேன். இன்றைக்கு வேறு வேலையில்லாமல், டவாலியும் கூப்பிடாமல், மனு, பதில் மனு இரண்டு கட்டையும் மடியில் வைத்துப் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது.

பதில் மனுவில் இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது: மனுவின் மூன்று முதல் பதினொன்று வரையிலான பத்திகளில் கண்டுள்ள சங்கதிகள் அனைத்தும் பொய்யானவை, கற்பனையானவை, வழக்குக்காகப் புனையப்பட்டவை. அதற்குக் கீழே, எதிர்மனுதாரர் மதுவுக்கு அடிமையானவர் என்பதும் பொய். மங்கை அப்படிச் சொல்லவே இல்லை. நான் ஒரு சொட்டுக் குடித்தவனில்லை. சொல்லாததை மறுத்திருக்கிறார், வேறு யாருக்கோ எழுதினது அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது; நடுவரம்மா என்ன நினைப்பார், ஓஹோ குடியும் உண்டா என்றுதானே. போகட்டும். மனுவை எடுத்தேன். மூன்றாவது பத்தி, கல்யாணம் நடந்த தேதி, மண்டபம். அதுவும் பொய்யாம். அப்படியானால் நான் யாருடைய கல்யாணத்தில் மாலை போட்டுக்கொண்டு நின்றேன். நாலாவது பத்தி. இது வழக்கமாக எழுதுறது இல்லை. "பெண் பார்க்க வந்த அன்று என் தாயார் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஒளித்து வைத்துவிட்டார். கண் தெரியாததால் நான் காப்பியை மாப்பிள்ளைக்குக் கொடுக்காமல் அவருடைய சித்தப்பாவுக்குக் கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எதிர்மனுதாரர் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த நம்பிக்கையில்தான் பின்னால் நடந்ததை எல்லாம் இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டேன்." இதைப் போய் ஒரு வழக்கு மனுவில் எழுதுவார்களா. அவள் சொல்லியிருப்பாள், எடுக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்திருப்பாள், எனக்கு அவளைத் தெரியும். மைனஸ் நாலே முக்கால். கூடத்துக்குள் அவள் நுழைந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தட்டை நீட்டிக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, மாப்பிள்ளை எந்தப் பக்கம் என்று வேட்டி நிறத்தை வைத்துத் தேடினாள். சித்தப்பா வழுக்கைத் தலையோடு காப்பியை வாங்கிக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி சிரித்தார். எனக்கு அப்போது ஒரு பிரியம் வந்தது பாருங்கள். "அவங்க கண்ணாடியப் போட்டுக்கிட்டு வரட்டும், மைனஸ் நாலரைக்கு மேல இருக்கும்" என்றேன். அவள் அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. மங்கை உள்ளிருந்து கண்ணாடியோடு வந்து என்னை நேராகப் பார்த்து, "நாலே முக்கால்" என்றாள். அவ்வளவுதான், முடிந்தது. இதுவும் பொய்யானது, கற்பனையானது, வழக்குக்காகப் புனையப்பட்டது. கீழே விருத்தகிரி என்று என் கையெழுத்து, கோடு போட்டுப் புள்ளி வைத்து, அழகாக. வக்கீல் அந்தப் பக்கமாகப் போனார், கறுப்பு அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு. எழுந்து ஓடினேன். "சார், நாலாவது பத்தி பொய்யில்ல சார்." "எந்த நாலாவது?" "காப்பி சார். நான் நல்லவன்னு எழுதியிருக்கா." "உன்ன நல்லவன்னு எழுதியிருக்கா? உம் பெண்டாட்டியா?" காகிதத்தை வாங்கித் தூர நீட்டினார், கை போதவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டார். "அப்ப அதுல கண்டிப்பா ஏதோ பொறி இருக்கு. மறுத்தது மறுத்ததாவே இருக்கட்டும்." "அத மட்டும் ஒத்துக்கலாமே சார்." "விருத்தகிரி, நாலு நெசம்னு சொன்னா ஒன்பது மட்டும் எப்படிப் பொய்யாகும்னு கேப்பாங்க. ஒண்ண உருவுனா எல்லாம் சரியும். போய் உக்காரு. மூணு பதில், ஞாபகம் இருக்கா?" சரி சார் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஒன்பதாவது பத்தியை அவர் சொல்லாமலிருந்தால் நான் அதற்குப் போயிருக்க மாட்டேன். எட்டில் நின்றிருப்பேன். ஒன்பதில் என்ன இருக்கும், அதுதான் இருக்கும், ஒரே ஒரு அறை, எட்டு வருஷத்தில் ஒரே ஒரு முறை. மற்ற ஆம்பிளைகளைப் பார்க்க வேண்டும், வக்கீல் ஆபீசில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் கதையைக் கேட்டால் நான் கோயில் பசு. ஒரே முறை. அந்தக் கதவு விஷயத்தை இதில் சேர்க்கக் கூடாது, கதவைத்தான் தள்ளினேன், கதவுக்குப் பின்னால் அவள் நின்றது அவள் தப்பு. தோள்பட்டை ஒரு வாரம் நீலமாக இருந்தது, அது கதவு செய்தது. சொம்பு எறிந்ததையும் சேர்க்கக் கூடாது, அது படவே இல்லை, படாதபடி எறிய வேண்டும் என்ற நல்லெண்ணம் என்னிடம் இருந்திருக்கிறது. இருந்ததா? குனிந்தாளே, அவள் குனியாமல் இருந்திருந்தால்? சரி, சேர்த்தால் மூன்று. ஒன்று என்று ஆரம்பித்தேன், பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை, அதற்குள் மூன்றாகிவிட்டது. அந்த அறை விழுந்த அன்றைக்கு நடந்தது இதுதான். தலைமையாசிரியர் ஒருவருக்கு நம்பர் எழுதினேன், வலது கண்ணுக்குரியதை இடது பக்கத்திலும் இடதை வலதிலும் மாற்றி எழுதிவிட்டேன். மங்கை கடையில் எனக்கு ஒத்தாசையாக நிற்பாள். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க, ரெண்டும் மாறி இருக்கு" என்றாள். அவர் எதிரிலேயே. சரியாகத்தான் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, வீட்டுக்காரம்மா இல்லாட்டி நான் சுவத்துல போய் முட்டியிருப்பேன் என்றார். மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன், இலை போட்டாள், நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன். எத்தனை நம்பர் எழுதியிருக்கேன், எனக்கே பாடம் சொல்றியா, வெளியாள் முன்னாடி என்னைய என்னான்னு நெனச்ச. அவள் கரண்டியோடு நின்று, "தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கிட்டா என்ன கொறஞ்சா போயிருவீங்க" என்றாள். என் கை போய்விட்டது. கை போய்விட்டது என்றுதான் பதினாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது தனியாக எங்கோ வண்டி ஏறிப் போன மாதிரி. நான் அறைந்தேன். கண்ணாடி பறந்து அம்மிக்கல்லில் விழுந்தது, இடது கீல் முறிந்தது, மூக்குப் பட்டை அவள் மூக்குத் தண்டில் கிழித்து ஒரு கோடு ரத்தம். அப்புறம் நான் செய்ததை மங்கை ஒன்பதாவது பத்தியில் ஒரே வரியில் எழுதியிருக்கிறாள்: "அவர் முதலில் குனிந்து கண்ணாடியை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை." ஆமாம். கீல்தான் போயிருக்கு, மாத்திடலாம் என்று நினைத்தேன். அவள் கண் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் ஃப்ரேமை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலையில் கடை திறந்ததும் முதல் வேலை அதுதான். கீல் புதுசு, திருகு புதுசு, லென்சைத் துடைத்துப் புதுப் பெட்டியில் புதுத் துணியோடு வைத்து அடுப்படி மேடையில் வைத்தேன். என்னைப் பொறுத்தவரை அது மன்னிப்பு, ஏழெட்டு மன்னிப்புக்குச் சமம். வாயால் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் அவள் துணிப் பெட்டியோடு நெய்வேலி பஸ் ஏறிவிட்டாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் போனாள். இந்த விஷயத்தை நடுவரிடம் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. பாருங்கம்மா, மறுநாளே சரி பண்ணிக் கொடுத்தவன் நான், கொடுமைக்காரன் இப்படிச் செய்வானா. வக்கீலிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏய்யா, கண்ணாடி ஒடையவே இல்லங்கிறது நம்ம தரப்பு. ஒடையாததை எப்படிய்யா சரி பண்ணுவ?" அன்றிலிருந்து இந்த முடிச்சு அவிழவில்லை. நான் செய்த ஒரே நல்ல காரியம் அது, அதைச் சொன்னால் கெட்ட காரியமும் கூடவே வந்துவிடுகிறது. நல்லவன் என்று நிரூபிக்க வேண்டுமானால் அடித்தேன் என்று சொல்ல வேண்டும், அடிக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் நாலாவது பத்தியில் இருக்கிறவன் நானில்லை என்று சொல்ல வேண்டும். இதற்கு எந்த நம்பர் லென்ஸ் போட்டும் தெளிவு கிடைக்காது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைக்கூட இப்போதுதான் பார்க்கிறேன், இத்தனை நாள் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தது வெட்கம்தான். டவாலி கூப்பிடுகிறார். விருத்தாம்பாள், விருத்தாம்பாள்.

கூண்டில் ஏறினேன். உள்ளே மின்விசிறி ஆயிரம் பேருக்குச் சேர்த்துச் சத்தம் போடுகிறது, காற்று மட்டும் வரவில்லை. சத்தியம் செய்யச் சொன்னார்கள், செய்தேன், முகத்தைப் போட்டுக்கொண்டேன்: கண் தாழ்வு, கழுத்து அரை விரல் சாய்வு. நடுவரம்மா மோவாயைத் தூக்கி என்னைப் பார்க்கிறார், கிட்டத்துக்கும் எட்டத்துக்கும் சேர்த்த லென்ஸ், பொருத்தினவன் உயரம் சரியாக எடுக்கவில்லை. மங்கை பக்கத்து வக்கீல் ஜெசிந்தா எழுந்தார், சின்ன வயசு, கண் பழுதில்லாதவர். பெயர், ஊர், தொழில் கேட்டார், மூன்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டேன், எங்கள் வக்கீல் மூச்சு விட்டார். பிறகு ஜெசிந்தா ஒரு பழுப்புக் கவரை எடுத்தார். "இது இன்று காலை மனுதாரர் கோர்ட்டில் ஒப்படைத்தது" என்று பிரித்து மேஜைமேல் வைத்தார். மெரூன் ஃப்ரேம். எனக்கு முதலில் தோன்றியது மூக்குப் பட்டை மஞ்சளாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்பது. இடது கீல் என் வேலை, தூரத்திலிருந்தே தெரிகிறது, நல்ல வேலை. இரண்டாவதாகத் தோன்றியது, இது இங்கே இருந்தால் அவள் எதைப் போட்டிருக்கிறாள் என்பது. திரும்பினேன். மங்கை சுவரோரப் பெஞ்சில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பன்னிரண்டு அடி தள்ளி. முகத்தில் ஒன்றும் இல்லை. மூக்குத் தண்டில் மெல்லிய வெள்ளைத் தழும்பு. கண்ணை இடுக்கிக்கொண்டு என்னைத்தான் தேடினாள், ஆனால் அவள் பார்வை எனக்கு ஒரு அடி தள்ளி, கேஸ் கட்டு அடுக்கியிருக்கிற பீரோவின் மேல் நின்றது. சித்தப்பாவுக்குக் காப்பி கொடுத்த அதே பார்வை. அப்படியானால் காலையில் அந்தச் சுவர், அந்த முழங்கை, காலால் துழாவின படிக்கட்டு. வராந்தாவில் அத்தனை பேர் கண்ணுக்கும் நம்பர் போட்டேன். என் பெண்டாட்டி கண்ணாடி இல்லாமல் என்னைக் கடந்து போனதை நான் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறாளா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் ஆறு கண்ணாடியில் செய்த முகம் அவளுக்கு ஒரு வெள்ளைச் சட்டை, மேலே கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான் தெரியும். கழுத்தை நேராக்கினேன். "நீங்கள் மனுதாரரைக் கன்னத்தில் அறைந்ததில் இந்தக் கண்ணாடி உடைந்தது என்று சொன்னால்?" "சரிதான்" என்றேன். தட்டச்சு செய்கிற அம்மா கை நின்றுவிட்டது. எங்கள் வக்கீல் பாதி எழுந்து, "அம்மா, என் கட்சிக்காரர் பதட்டத்துல இருக்கார், கேள்வி புரியல" என்றார். நடுவரம்மா மோவாயை இன்னும் உயர்த்தினார். "புரிஞ்சுதான் சொல்றீங்களா? சத்தமாச் சொல்லுங்க." நடுவரம்மாவுக்குக் கேட்டிருக்கும், பன்னிரண்டு அடி தள்ளிக் கேட்டிருக்குமா என்பது சந்தேகம், விசிறி அப்படி. கடையில் காது மந்தமான பெரியவர்களிடம் பேசுகிற குரலை எடுத்தேன். "அறைஞ்சேன்மா. கண்ணாடி ஒடைஞ்சுது. மறுநாள் நான்தான் சரி பண்ணேன், மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லல." "ஒரு தடவையா?" என்றார் நடுவரம்மா. தெரியாது என்று ஒரு பதில் இருக்கிறது, ஞாபகம் இல்லை என்று ஒன்று இருக்கிறது. "மூணு தடவைம்மா. கதவையும் சொம்பையும் சேத்து. நாலாவது பத்தியும் நெசம்." கலியமூர்த்தி உட்கார்ந்து, மனுவை எடுத்து, கையை நீட்டின மட்டும் நீட்டி நாலாவது பத்தியைத் தேட ஆரம்பித்தார். இனி அவர் படித்து ஒன்றும் ஆகப் போவதில்லை. மங்கை சிரிக்கவில்லை, அழவில்லை. பீரோவின் மேலிருந்த பார்வையை எடுத்து, குரல் வந்த பக்கமாக, ஒரு அடி இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.